கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

பழைய கார் வைத்திருக்கிற யாரோடு பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது: காற்றில் பெட்ரோலைக் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் தெளிக்கிற இன்ஜெக்ஷன் போட்டுவிடலாமா? தாராளமாகப் போடலாம். என் வண்டிக்குப் போட்டிருக்கிறேன், நண்பர்கள் வண்டிகளுக்குப் போடும்போது கூடவே நின்று கைகொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்கிறவர் மனதில் இருக்கிற வேலையும் உண்மையில் நடக்கிற வேலையும் வேறு வேறு. கார்புரேட்டர் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு த்ராட்டில் பாடி (காற்றைக் கட்டுப்படுத்துகிற தட்டும் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரும் சேர்ந்த பாகம்) வந்து உட்கார்ந்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மொத்த வேலையில் கால் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் டேங்கிலும், பெட்ரோல் லைனிலும், வயரிங்கிலும் இருக்கிறது. அதனால் இப்போது வண்டியில் இருக்கிற ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அது புரியாமல் மாற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், அதைத் தேடுவதுதான் இன்னும் கஷ்டமாகிவிடும்.

டேங்கிலிருந்து ஆரம்பிப்போம். பழைய கார்களின் டேங்க் பெரும்பாலும் வெறும் தகரப் பெட்டி. அடியிலிருந்து ஒரு குழாய் பெட்ரோலை எடுக்கிறது, மூடியிலோ தனிக் குழாயிலோ காற்று உள்ளே வர ஒரு சின்ன வழி இருக்கிறது. இந்தக் காற்று வழியை யாரும் கவனிப்பதே இல்லை. அது தூசியில் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நன்றாக ஓடி, கொஞ்ச தூரத்தில் திணறி நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் கிளம்பும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தால் குற்றவாளி அதுதான். இதற்காகக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பம்ப். எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கல் பம்ப் எனக்கு மிகவும் பிடித்த பாகம். கேம் ஷாஃப்டில் இருக்கிற ஒரு முட்டு, பம்பின் கையைத் தள்ளுகிறது, கை உள்ளே இருக்கிற டயாஃப்ரத்தை, அதாவது வளைந்து கொடுக்கிற ரப்பர் தகட்டை, இழுக்கிறது, பெட்ரோல் உள்ளே வருகிறது. அதை வெளியே தள்ளுவது எஞ்சின் இல்லை, டயாஃப்ரத்தின் கீழே இருக்கிற ஸ்பிரிங். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுத்தம் அந்த ஸ்பிரிங் கொடுக்கிற அளவைத் தாண்டாது, பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு). கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும், கை மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். தனியாக ரெகுலேட்டர் இல்லை, ரிலே இல்லை, எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கிறது. பாதுகாப்பு என்று யாரும் தனியாக யோசிக்காமலேயே பாதுகாப்பு வந்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே பாதுகாப்பை நாம் ஒவ்வொன்றாகக் கையால் கட்ட வேண்டியிருக்கும்.

சரி, கார்புரேட்டர். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்வது வழக்கம். நடப்பது கொஞ்சம் வேறு. காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவை, அதாவது ஃப்ளோட், இருக்கிற கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜெட் என்கிற அளவான துளை வழியாகப் பெட்ரோலைத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அவ்வளவு முக்கியம். ஃப்ளோட்டின் நாக்கை ஒரு மில்லிமீட்டர் வளைத்தாலே எஞ்சின் எல்லா வேகத்திலும் ரிச்சாகவோ (பெட்ரோல் கூடுதல்) லீனாகவோ (பெட்ரோல் குறைவு) மாறும். ஜெட் நம்பரை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஃப்ளோட் மட்டத்தை அளந்துவிட வேண்டும்.

வெறும் ஒரு கழுத்தும் ஒரு ஜெட்டும் மட்டும் இருந்தால் போதுமா என்றால் போதாது. காற்று அதிகமாக ஓட ஓட அந்த எளிய ஏற்பாடு தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே போகும். அதைச் சமன் செய்ய, மெயின் ஜெட்டுக்குப் பிறகு ஓட்டைகள் போட்ட ஒரு எமல்ஷன் குழாயை வைத்து, வேகம் கூடும்போது பெட்ரோலோடு காற்றையும் கலந்து விடுகிறார்கள். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, கழுத்து வழியாகக் காற்று ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அதற்கு த்ராட்டில் தட்டுக்குக் கீழே தனி வழி. ஐடிலிலிருந்து மெயின் ஜெட்டுக்குப் போகிற இடைவெளியை நிரப்ப, த்ராட்டில் தட்டின் விளிம்பில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகிற மேனிஃபோல்டில் வெற்றிடம் சட்டென்று போய்விடுகிறது, ஆவியாக இருந்த பெட்ரோல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, எஞ்சினுக்குப் போவது வெறும் காற்று. அந்த ஒரு கணத்துக்காக ஒரு சின்ன பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு, கலவையை ரிச்சாக்குகிற சோக். இப்படி ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழி கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள். வெபர், சோலெக்ஸ் மாதிரி ஒரு கார்புரேட்டரை முழுசாகப் பிரித்துக் கழுவி, எந்த ஓட்டை எங்கே போகிறது என்று காற்று ஊதிப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் மரியாதை வராமல் இருக்காது.

எஸ்யூ கார்புரேட்டர் இதையே வேறு வழியில் செய்கிறது. கழுத்தின் அளவே மாறுகிறது. எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அதற்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழும்புகிறது, அதோடு சேர்ந்து கூம்பு வடிவ ஊசியும் ஜெட்டிலிருந்து மேலே வருகிறது, இடைவெளி கூடுகிறது. காற்றின் வேகம் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால் ஒரே ஜெட் எல்லாவற்றுக்கும் போதும். பிஸ்டனுக்கு மேலே இருக்கிற தண்டில் ஆயில் ஊற்றுகிறோமே, அது வெறும் மசகு இல்லை. மிதித்த உடனே பிஸ்டன் துள்ளி எழாமல் அது தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தில் கலவை கொஞ்சம் ரிச்சாகிறது, ஆக்ஸிலரேட்டர் பம்பின் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிக்கப்பில் இடறுகிறது என்று சொல்லப்படும் எஸ்யூக்களில் எத்தனையோ அந்த ஆயில் தீர்ந்துபோனவைதான்.

இவ்வளவு நேர்த்தியாக இருந்தும் கார்புரேட்டருக்கு அடிப்படையில் ஒரு குறை உண்டு. அதற்குக் காற்றின் எடை தெரியாது. பெட்ரோல் முழுசாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்கு எடையில் இருக்கிறது. மலை ஏறினால் காற்று மெலிந்துவிடுகிறது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 82 சதவீதம்தான். அதே ஜெட்டோடு அங்கே ஓட்டினால் கலவை ஏறக்குறைய 10 சதவீதம் ரிச்சாகிறது, ஸ்பார்க் பிளக் கறுக்கிறது, இழுவை போகிறது.

பெட்ரோலே மாறிவிட்டது என்பது இரண்டாவது பிரச்சினை. எத்தனால் எரிய 1 கிலோவுக்கு 9 கிலோ காற்றுதான் வேண்டும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 10 சதவீதம் எத்தனால் கலந்தால் 14.7 என்பது 14.1 பக்கத்தில் வந்துவிடும், 20 சதவீதம் கலந்தால் 13.5 பக்கத்தில். ஜெட்டை மாற்றாமல் அந்தப் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் அந்த அளவுக்கு லீனாக ஓடுகிறது. ஏற்கெனவே ஓரளவு லீனாகச் செட் செய்யப்பட்ட பழைய எஞ்சினுக்கு இது நல்லதல்ல. அதோடு எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து கரைக்கிறது, கார்க் கேஸ்கெட்டைக் கெடுக்கிறது, ஈரத்தை இழுத்து டேங்கில் துருவைக் கிளப்புகிறது. கார்புரேட்டரை வைத்திருந்தாலும் சரி, மாற்றினாலும் சரி, பழைய ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் சூடு. எஞ்சினை நிறுத்தியதும் காற்று ஓட்டமும் தண்ணீர் ஓட்டமும் நின்று, இரும்பில் இருக்கிற சூடு முழுக்க மேலே கார்புரேட்டருக்கு ஏறுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டுகிறது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்று பெட்ரோல் மிதமிஞ்சிப் போய் மூழ்கியிருக்கும், இல்லை கிண்ணம் காலியாக இருக்கும். பம்புக்கு முன்னாலேயே லைனில் ஆவி பிடித்துக்கொண்டால் அது வேப்பர் லாக். இது இரண்டும் வேறு வேறு கோளாறு, தீர்வும் வேறு. முதலாவதற்குக் கார்புரேட்டருக்குக் கீழே தடிமனான ஸ்பேசரும் வெப்பத் தடுப்புத் தகடும் உதவும். இரண்டாவதற்கு லைனைச் சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளிப் போடுவதும், டேங்க் பக்கத்தில் தாழ்ந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் வைப்பதும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் கொடுக்கிற ஏற்பாட்டை, பாருங்கள். பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, வேக்கம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா. வேகம் கூடும்போது ஸ்பார்க் நேரம் (டைமிங்) முன்னேறாத எஞ்சின் கார்புரேட்டர் கோளாறு மாதிரியே நடிக்கும். அடுத்தது த்ராட்டில் ஸ்பிண்டில். பித்தளைத் தண்டு அலுமினியத்தில் எத்தனையோ வருடம் சுழன்று ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், அந்த இடைவெளி வழியாகக் காற்று நுழையும், ஐடில் ஒரு நாளும் நிலையாக நிற்காது. எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் தீராது. புதிய உள்வளையம் (புஷ்) போட்டால்தான் தீரும். இதையெல்லாம் சரி செய்த பிறகும் வண்டி உங்களுக்குத் திருப்தி தரவில்லை என்றால்தான் இன்ஜெக்ஷனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. வால்வு ஒழுகுகிற, கம்ப்ரஷன் இல்லாத எஞ்சினுக்கு எந்த கம்ப்யூட்டரும் உதவாது.

இன்ஜெக்ஷன் என்றாலே பழைய காருக்கு அந்நியமான பொருள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் போஷ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் இருந்தது, அதுவும் நேரடியாகச் சிலிண்டருக்குள். அதில் இக்னிஷனை அணைத்த பிறகும் எஞ்சின் சுற்றி நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும், அது ஆயிலோடு கலந்துவிடும், அதனால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. 1957-இல் கார்வெட்டில் ராசெஸ்டர் இன்ஜெக்ஷன் வந்தது. அதே காலத்தில் பெண்டிக்ஸ் எலெக்ட்ரோஜெக்டர் என்று ஒரு எலெக்ட்ரானிக் ஏற்பாடும் வந்தது. அந்தக் காலத்து எலெக்ட்ரானிக் பாகங்கள் சூட்டையும் ஈரத்தையும் தாங்கவில்லை, அது பொருத்தப்பட்ட கார்களில் பெரும்பாலானவை கார்புரேட்டருக்கே திரும்பின. 1967-இல் போஷ் டி-ஜெட்ரானிக் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வந்தது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணக்கிடுகிற அந்த முறையைத்தான், கம்ப்யூட்டர் மட்டும் பெரிதாகி, இன்றைக்கு நாம் பொருத்துகிற செட்களிலும் பயன்படுத்துகிறோம். அதே 1967-இல் ட்ரையம்ஃப் டிஆர்5-இல் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். அதன் எலெக்ட்ரிக் பம்ப் சூடேறித் தொல்லை கொடுத்ததால், பலர் அதைக் கழற்றி போஷ் பம்ப் வைத்துக்கொண்டார்கள். அப்போதே வம்பு இன்ஜெக்டரில் இல்லை, பெட்ரோலை அதற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்தது.

எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனின் தத்துவம் ரொம்ப எளிது. இன்ஜெக்டருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற அழுத்த வித்தியாசத்தை மாறாமல் வைத்துவிட்டால், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் எவ்வளவு பெட்ரோல் என்பது. அதற்காகத்தான் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் குழாய் போகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் காற்று வாயிலிலும் தெளிக்கிற போர்ட் இன்ஜெக்ஷனில் வழக்கமான வித்தியாசம் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ. ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், மேனிஃபோல்ட் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் வேகம் மூன்றையும் வைத்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு எடை காற்று போகிறது என்று கணக்குப் போடுகிறது. கார்புரேட்டருக்குத் தெரியாத அந்த எடை இப்போது தெரிந்துவிட்டது. சைலன்சர் குழாயில் இருக்கிற வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் எரிந்த பிறகு என்ன மிச்சம் என்று பார்த்துச் சொல்கிறது, ஈசியூ திருத்திக்கொள்கிறது. மலையும் எத்தனாலும் இனி உங்கள் கவலை இல்லை.

இன்ஜெக்டர் அளவைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். முழு இழுவையில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.2 மில்லி பெட்ரோல் வேண்டும். 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 520 மில்லி, நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 130. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும், ஆக 163 மில்லி. அதற்கு அடுத்து கிடைக்கிற பெரிய அளவை எடுத்தால் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 400 மில்லி இன்ஜெக்டர் வாங்கினால் ஐடிலில் அது திறந்து மூடவே நேரம் இருக்காது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட் இருக்கிறது. ஐடிலில் திறக்க வேண்டிய நேரமோ 2 மில்லிசெகண்ட் சொச்சம், அதில் வால்வு எழும்பவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் போய்விடும். பெரிய இன்ஜெக்டரோடு ஐடிலின் இந்த நேரம் இன்னும் சுருங்கி, அளவு நிலையில்லாமல் போய், ஐடில் ஆடிக்கொண்டே இருக்கும்.

எந்த வகையைப் போடுவது? பெரும்பாலானவர்களுக்கு த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் போதும் என்றுதான் சொல்வேன். கார்புரேட்டர் இருந்த அதே மேனிஃபோல்டில் உட்காரும், ஏர் கிளீனரை மாட்டிவிட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது, ஈசியூ பல செட்களில் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டிலும் இன்ஜெக்டர் வைத்தால் சிலிண்டர்களுக்குச் சமமாகப் போகும், மேனிஃபோல்ட் சுவர் நனைவது குறையும், பிக்கப் துல்லியமாக இருக்கும், ஆனால் மேனிஃபோல்டில் வெல்டிங் வேலை வரும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் என்கிற ஏற்பாடு பார்க்க அழகுதான், சத்தமும் அருமைதான், ஆனால் மேனிஃபோல்ட் அழுத்தம் தெளிவாகக் கிடைக்காது, த்ராட்டில் கோணத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கும். ட்யூனிங் தெரிந்தவர் கூட இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். ஈசியூ விஷயத்தில், சொந்தமாகக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் மெகாஸ்க்வர்ட், ஸ்பீடுயினோ என்கிற, நாமே ட்யூன் செய்துகொள்கிற ஈசியூக்கள் இரண்டும் நல்ல பள்ளிக்கூடம்.

மினி, எம்ஜிபி மாதிரி பிஎம்சி ஏ-சீரிஸ், பி-சீரிஸ் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவற்றில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்லெட் போர்ட். சிலிண்டர்கள் எரிகிற வரிசை, அதாவது ஃபைரிங் ஆர்டர், 1-3-4-2. அதன்படி பார்த்தால் ஒரு போர்ட்டில் உள்பக்கச் சிலிண்டர் முதலில் இழுக்கும், 180 டிகிரி கழித்து உடனே வெளிப்பக்கச் சிலிண்டர் இழுக்கும், அப்புறம் அந்தப் போர்ட்டில் அடுத்த இழுப்பு தொடங்குவது 540 டிகிரி கழித்துத்தான். அங்கே சாதாரணமாக இன்ஜெக்டரை வைத்துத் தெளித்தால், அந்த நீண்ட இடைவெளியில் சேர்ந்து நிற்கிற பெட்ரோலை முதலில் திறக்கிறது அள்ளிக்கொண்டு போகும், அடுத்தது லீனாக ஓடும். கேம் ஷாஃப்ட் நிலையை அறிந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நேரம் பார்த்துத் தெளித்தால்தான் சரிவரும். த்ராட்டில் பாடியில் இந்தத் தலைவலி பெரிதாக இல்லை, ஏனென்றால் பெட்ரோல் போர்ட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே காற்றோடு கலந்துவிடுகிறது.

இனி நான் முதலில் சொன்ன பெரிய வேலை. 4 பிஎஸ்ஐ ஓடிக்கொண்டிருந்த லைனில் இப்போது 43 பிஎஸ்ஐ ஓடப்போகிறது, சில த்ராட்டில் பாடி செட்களில் 58 வரை. கார்புரேட்டர் லைனில் ஹோஸ் கசிந்தால் சொட்டும். இங்கே கசிந்தால் சூடான சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் பனிமூட்டம் மாதிரி தெளிக்கும். வண்டி எரிந்துபோக அது போதும். அதனால் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்தில் இருக்க வேண்டும், பல் வெட்டிய சாதாரண கிளிப் போடாமல் இன்ஜெக்ஷனுக்கான உருளை விளிம்பு கிளிப் போட வேண்டும், குழாய் முனையில் உப்பல் இருக்க வேண்டும். டேங்குக்குள் மூழ்கி இருக்கிற ஹோஸுக்கு ஆர்10 என்று தனித் தரம். வெளியே போடுகிற ஹோஸை உள்ளே போட்டால் வெளிப்பக்கம் ஊறிக் கிழிந்துவிடும். முடிந்தவரை இரும்புக் குழாயே ஓடட்டும், ஹோஸ் அசைவு இருக்கிற இடத்தில் மட்டும்.

டேங்கில் துரு இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் ஜெட்டை ஊதிவிட்டுப் போகலாம், இன்ஜெக்டரில் அது நடக்காது. பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவில் ஒரு கரடான ஃபில்டர், பம்புக்குப் பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பம்ப் இழுக்க முடியாமல் திணறிச் சாகும், இந்தப் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். பழைய டேங்கில் தடுப்புச் சுவர் கிடையாது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் எல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். கார்புரேட்டருக்கு அந்த இரண்டு வினாடியைக் கிண்ணம் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனுக்குக் கிண்ணம் இல்லை, அழுத்தம் விழுந்தால் அந்தக் கணமே எஞ்சின் இடறும். அதனால் டேங்குக்குள்ளேயே தடுப்போடு பம்ப் வைக்க வேண்டும், அல்லது பழைய தாழ்ந்த அழுத்த பம்ப் நிரப்புகிற ஒரு சின்ன ஸ்வர்ல் பாட் வைத்து அதிலிருந்து பெரிய பம்ப் எடுக்க வேண்டும். டேங்குக்குள் வைப்பதையே நான் விரும்புவேன், பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கும், சத்தமும் குறைவு. அப்புறம் ரிட்டர்ன் லைன். பம்ப் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தள்ளும், எஞ்சின் சாதாரண ஓட்டத்தில் எடுப்பது சில லிட்டர்தான், மீதி டேங்குக்குத் திரும்ப வழி வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப் இலவசமாகக் கொடுத்த பாதுகாப்பை இப்போது கட்ட வேண்டும். பம்புக்கு ரிலே, தனி ஃப்யூஸ், எஞ்சின் சுற்றாவிட்டால் சில வினாடியில் ஈசியூ பம்பை நிறுத்துகிற ஏற்பாடு, மோதினால் துண்டிக்கிற இனர்ஷியா ஸ்விட்ச். இதில் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பம்பை நேராக இக்னிஷன் ஸ்விட்சோடு இணைத்து ஓட்டுகிற வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கரண்ட் விஷயம் அதற்கடுத்தது. வண்டி 6 வோல்ட் என்றாலோ, பல பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றாலோ, முதலில் அதை 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டர் போட வேண்டும். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் கொடுக்கும், ஐடிலில் அதுவும் கிடையாது. பம்ப், இன்ஜெக்டர், சென்சர் ஹீட்டர், ஃபேன், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து கேட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்க அதிக நேரம் எடுக்கும், கலவையும் கெடும். எர்த் இணைப்புகள் பெயின்ட் இல்லாத இரும்பில், எஞ்சினிலிருந்து நேராகப் பேட்டரிக்கு. வெறும் செம்புக் கம்பி பிளக் வயர் இருந்தால் ரெசிஸ்டர் வகைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதன் இரைச்சலில் ஈசியூ எஞ்சின் வேகத்தைத் தப்பாகப் படிக்கும். காயிலின் நெகட்டிவிலிருந்து வேகத்தை எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனால் கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒரு பல் இல்லாத சக்கரமும் ஒரு சென்சரும் வைத்தால் கிடைக்கிற சிக்னல் வேறு ரகம். இக்னிஷனையும் அதே ஈசியூ கையில் கொடுத்துவிடலாம். என்னைக் கேட்டால் வண்டியின் குணம் மாறுவதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. வண்டி அரிதான மாடல், ஒரிஜினலாக இருக்கிறது, வருடத்தில் சில தடவைதான் வெளியே வருகிறது என்றால், கார்புரேட்டரை நன்றாகப் புதுப்பித்து ஸ்பேசர் வைத்து எத்தனாலுக்கு ஏற்றபடி ஜெட்டை மாற்றி ஓட்டுங்கள், அதுதான் அந்தக் காருக்குச் செய்கிற நியாயம். தினமும் ஓட்டுகிறவர்கள், மலைப்பாதையில் போகிறவர்கள், நெரிசலில் சூட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் மாற்றலாம். எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்ட முடிகிற மாதிரி கழற்றுங்கள், பாடியில் புதிதாக ஓட்டை போடுவதைத் தவிருங்கள், பழைய கார்புரேட்டரைப் பெட்ரோல் வடித்து, காயவைத்து, லிங்க்கேஜோடும் கேஸ்கெட்டோடும் ஒரே டப்பாவில் எழுதி வையுங்கள்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத்தான் கை துறுதுறுக்கும். முதலில் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். டைமிங் லைட் அடித்து, ஈசியூ சொல்கிற டிகிரியும் புல்லியில் தெரிகிற டிகிரியும் ஒன்றுதானா என்று உறுதி செய்யுங்கள். இது தப்பாக இருந்தால் மற்ற எல்லா ட்யூனிங்கும் வீண். வைட்பேண்ட் சென்சருக்கு முன்னால் சைலன்சரில் எங்கேயும் கசிவு இருக்கக் கூடாது, வெளிக்காற்று நுழைந்து லீன் என்று பொய் காட்டும், ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். சென்சரின் முனை கீழே பார்க்கும்படி, படுக்கைவாட்டிலிருந்து 10 டிகிரிக்கு மேல் சாய்வாக வையுங்கள், தண்ணீர் தேங்கினால் அது செத்துவிடும். ஐடில், சீரான ஓட்டம், பிறகு இழுவை என்ற வரிசையில் போங்கள். சீரான ஓட்டத்தில் 14.7 பக்கத்தில் இருக்கலாம், முழு இழுவையில் 12.5 முதல் 13 வரை. இந்த எண்கள் பெட்ரோல் கணக்கில். எத்தனால் கலந்திருந்தாலும் மீட்டர் அதே அளவுகோலில்தான் காட்டும், குழம்ப வேண்டாம். இழுவையில் லீனாக விட்டுவிட்டுச் சோதித்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம், பிஸ்டன் உருகும்.

குளிர்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு கூடுதல் பெட்ரோல் என்று ஈசியூ பார்க்கிற குளிர்ந்த ஸ்டார்ட் டேபிள்தான் கடைசியாகவும் மெதுவாகவும் வரும். எஞ்சின் ஒரு தடவை சூடாகிவிட்டால் அந்த நாளின் வாய்ப்பு முடிந்தது, முழுசாகக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், பதிவை லேப்டாப்பில் தேதி போட்டுச் சேமியுங்கள். வெயில் காலத்தில் வேலையை முடித்திருந்தால், டேபிளின் கீழ்ப் பாதி குளிர்காலக் காலைகள் வந்த பிறகுதான் நிரம்பும். அதுவரை பேட்டரி சார்ஜில் இருக்கட்டும், ஸ்பேர் பிளக் ஒரு செட் வண்டியில் இருக்கட்டும்.